ஒருவரையொருவர் நம்பாத நாடுகள் எப்படி ஒத்துழைக்கின்றன? வோட்கின்ஸ்க் தொழிற்சாலை வாசலை வைத்து ஒரு விவாதம்

பதிவு 1 | பகடை

மாஸ்கோவுக்குக் கிழக்கே ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி வோட்கின்ஸ்க் என்று ஓர் ஊர். இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கி பிறந்த ஊர். சோவியத் ஏவுகணைகளைப் பூட்டி முடிக்கும் தொழிற்சாலை அங்கே இருந்ததால் வெளிநாட்டவர் நுழைய முடியாத ஊராகவும் இருந்தது. 1988 கோடையில் அந்தத் தொழிற்சாலை வாசலில் அமெரிக்க ஆய்வாளர்கள் வந்து குடியேறினார்கள். ஒரே சமயத்தில் 30 பேர் வரை, இரவும் பகலும். ஏவுகணை அடங்கும் அளவுக்குப் பெரிய எந்த வண்டி வாசலைத் தாண்டினாலும் அதை நிறுத்தி அளந்து பார்க்க அவர்களுக்கு உரிமை இருந்தது. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து மேக்னாவில், பெர்ஷிங் ஏவுகணைக்கு மோட்டார் செய்த தொழிற்சாலை வாசலில் சோவியத் ஆய்வாளர்கள் இதே வேலையைச் செய்தார்கள். 13 ஆண்டுகள் இது நடந்தது. நடுவில் சோவியத் ஒன்றியம் என்ற நாடே இல்லாமல் போனது; ஆனாலும் ஆய்வு தொடர்ந்தது.

1983-ல் இதே இரண்டு நாடுகளும் எப்படி இருந்தன என்று நினைத்துப் பாருங்கள். செப்டம்பர் 1 அன்று கொரியப் பயணிகள் விமானத்தை சோவியத் போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. அதே மாதம் 26-ம் தேதி, அமெரிக்க ஏவுகணைகள் வருவதாக சோவியத் எச்சரிக்கைக் கணினி பொய்த் தகவல் தந்தது. பணியில் இருந்த பெட்ரோவ் என்ற அதிகாரி அதை நம்ப மறுத்தார். நவம்பரில் நேட்டோவின் ஏபிள் ஆர்ச்சர் பயிற்சி நடந்தபோது, பயிற்சி என்ற பெயரில் உண்மையான தாக்குதலே வருகிறதோ என்ற அச்சம் சோவியத் பக்கம் எழுந்தது. அதே நவம்பர் 23 அன்று ஜெனீவா ஆயுதக் குறைப்புப் பேச்சுவார்த்தையிலிருந்து சோவியத் குழு எழுந்து போய்விட்டது.

நான்கே ஆண்டுகளில், 1987 டிசம்பர் 8 அன்று, 500 முதல் 5500 கிலோமீட்டர் வரை பாயும் தரைவழி ஏவுகணைகளை முற்றிலும் ஒழிக்கும் ஒப்பந்தத்தில் அமெரிக்க அதிபர் ரீகனும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் கையெழுத்திட்டார்கள். 1991 ஜூன் 1-க்குள் 2692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன. சோவியத் பக்கம் 1846, அமெரிக்கப் பக்கம் 846.

இந்த நான்கு ஆண்டுகளில் அவர்களுக்குள் நம்பிக்கை பிறந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. நம்பியிருந்தால் வாசலில் ஆள் எதற்கு? என் வாதம் இதுதான்: நாடுகள் ஒத்துழைக்க முன்கூட்டியே நம்பிக்கை தேவையில்லை. எதிராளி ஏமாற்றினால் அது சீக்கிரம் தெரிய வேண்டும். தெரிவதற்குள் நமக்கு ஆகும் சேதம் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் அமைந்தால் கொஞ்சம் நம்பிக்கையே போதும். மிச்சம் பிறகு வளர்ந்தால் வளரட்டும்.

ஒருவர் முடிவு மற்றவர் முடிவைச் சார்ந்திருக்கும் நிலைகளை ஆட்டமாக வைத்துக் கணக்குப் போடும் கேம் தியரி இதைத்தான் தெளிவாகக் காட்டுகிறது. எல்லோரும் முதலில் சொல்வது கைதிகளின் இக்கட்டு. 1950-ல் ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தில் பிளட், டிரெஷர் என்ற இருவர் அந்த ஆட்டத்தை அமைத்தார்கள்; டக்கர் என்ற கணித அறிஞர் அதற்குக் கைதிக் கதையை மாட்டிவிட்டார். அதில் மற்றவர் என்ன செய்தாலும் எனக்கு ஏமாற்றுவதே லாபம். இருவரும் அப்படியே நினைத்து இருவரும் கெட்டுப்போவார்கள். ஆயுதப் போட்டியை இந்தச் சட்டத்தில் மாட்டிவிட்டுப் பலர் பேச்சை முடித்துவிடுகிறார்கள்.

தத்துவஞானி ரூஸோ 1755-ல் எழுதிய மான் வேட்டைதான் இதற்கு இன்னும் பொருத்தம் என்பது என் கருத்து. எல்லோரும் அவரவர் இடத்தில் நின்றால் மான் கிடைக்கும். ஒருவர் முயலைப் பார்த்து ஓடிவிட்டால் மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. இங்கே யாருக்கும் ஏமாற்ற ஆசை கிடையாது, மான்தான் எல்லோருக்கும் வேண்டும். பக்கத்தில் நிற்பவர் ஓடிவிடுவாரோ என்ற பயம் ஒன்றே ஆட்டத்தைக் கெடுக்கிறது. 1978-ல் அரசியல் அறிஞர் ராபர்ட் ஜெர்விஸ் நாடுகளின் பாதுகாப்புச் சிக்கலை இப்படித்தான் விளக்கினார்: ஒரு நாடு தற்காப்புக்காகச் செய்வதை அடுத்த நாடு தாக்குதல் தயாரிப்பாகப் படிக்கிறது, தானும் ஆயுதம் சேர்க்கிறது, முதல் நாட்டின் பயம் நிஜமாகிவிடுகிறது.

ஐரோப்பாவில் நடந்தது அப்படியே இதுதான். 1976 முதல் சோவியத் ஒன்றியம் எஸ்.எஸ்.-20 ஏவுகணைகளை நிறுத்தியது. ஒவ்வொன்றிலும் மூன்று அணுகுண்டு முனைகள். சோவியத் பார்வையில் அது பழையதை மாற்றிப் புதியதை வைப்பது. மேற்கு ஐரோப்பா அதைத் தன் தலைக்கு வைத்த குறியாகப் பார்த்தது. பதிலுக்கு 1983-ல் மேற்கு ஜெர்மனியில் பெர்ஷிங்-2 வந்தது. சோவியத் இலக்குகளைச் சில நிமிடங்களில் எட்டிவிடும் ஆயுதம் அது. அவ்வளவு குறைந்த அவகாசத்தில் யாராலும் நிதானமாக யோசிக்க முடியாது. இரண்டு பக்கமும் செலவு செய்து இரண்டு பக்கமும் முன்பைவிட ஆபத்தில் வந்து நின்றன.

உங்கள் கருத்துகளைக் கேட்க ஆவல்.

பதிவு 2 | தெற்குவாசல்

நல்ல பதிவு பகடை, ஆனால் எனக்கு ஒப்புதல் இல்லை. சோவியத் பொருளாதாரம் படுத்துவிட்டது, எண்ணெய் விலை 1986-ல் விழுந்தது, ஆப்கானிஸ்தானில் ரத்தம் போய்க்கொண்டிருந்தது. கோர்பச்சேவுக்கு வேறு வழி இல்லை, இறங்கி வந்தார். இதற்கு எதற்கு மானும் முயலும்? அவர்கள் 1846 அழித்தார்கள், இவர்கள் 846. கணக்கே சொல்கிறதே யார் பணிந்தது என்று.

பதிவு 3 | பகடை

பொருளாதார நெருக்கடி கோர்பச்சேவை மேசைக்கு இழுத்து வந்தது என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் நெருக்கடியில் இருக்கும் நாடு ஆயுதத்தைக் குறைக்கத்தான் வேண்டுமென்று எந்த விதியும் கிடையாது. பணம் இல்லாத நாடு அணு ஆயுதத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வட கொரியாவைப் பாருங்கள். எதிராளியைவிட இரண்டு மடங்குக்கும் மேல் அழிக்கச் சம்மதித்தது ஏன் என்பதுதான் சுவையான கேள்வி.

நான் அதை விலையுள்ள சமிக்ஞை என்று படிக்கிறேன். சமாதானம் வேண்டும் என்று வாயால் சொல்வது யாருக்கும் எளிது. ஏமாற்ற நினைப்பவர்தான் அதை இன்னும் உரக்கச் சொல்வார். ஏமாற்ற நினைப்பவர் செய்யவே மாட்டார் என்கிற காரியத்தைச் செய்தால்தான் எதிராளியின் கணக்கு மாறும். ஆயிரம் ஏவுகணை கூடுதலாக அழிப்பது அப்படிப்பட்டது. தொழிற்சாலை வாசலைத் திறந்துவிடுவது அதைவிடப் பெரியது. உள்ளே வந்து பார்ப்பது உளவு வேலை என்று சோவியத் தலைமை பல பத்தாண்டுகளாக மறுத்து வந்த விஷயம் அது. 1963-ல் அணு குண்டுச் சோதனையை முழுவதும் தடைசெய்யும் பேச்சே இந்த இடத்தில்தான் முறிந்தது. ஆண்டுக்கு ஏழு ஆய்வு வேண்டும் என்றது அமெரிக்கா, மூன்றுக்கு மேல் முடியாது என்றது சோவியத். கடைசியில் வளிமண்டலம், விண்வெளி, நீருக்கடியில் மட்டும் தடை என்று முடித்துக்கொண்டார்கள். அந்தச் சோதனைகளை யாருடைய வீட்டுக்குள்ளும் போகாமல் வெளியிலிருந்தே கண்டுபிடித்துவிட முடியும். நிலத்தடிச் சோதனை மட்டும் தொடர்ந்தது. கண்ணுக்குத் தெரிவதில்தான் ஒப்பந்தம் ஏற்பட்டது; தெரியாதது அப்படியே நின்றது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1987-ல் சோவியத் தரப்பு ஆய்வுக்கு எல்லாக் கதவையும் திறக்கத் தயார் என்று வந்து நின்றபோது தயங்கியது அமெரிக்கா. எங்கும் எப்போதும் ஆய்வு என்று கேட்டது அவர்கள்தான். தங்கள் ஆலைகளுக்குள் சோவியத் ஆட்கள் எந்த நேரமும் வருவார்கள் என்றதும் உளவுத்துறையும் பாதுகாப்பு நிறுவனங்களும் பின்வாங்க, கோரிக்கையைச் சுருக்கிக்கொண்டார்கள். ஆகவே ஒரு பக்கம் பணிந்தது, மறுபக்கம் ஜெயித்தது என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது.

பதிவு 4 | கணக்கு டீச்சர்

பகடை சொன்ன "கொஞ்சம் நம்பிக்கையே போதும்" என்பதற்கு ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். பிளஸ் டூ பிள்ளைகளுக்கே புரியும்.

இருவரும் ஆயுதம் குறைத்தால் ஆளுக்கு 8 மதிப்பெண். நான் குறைக்காமல் ஏமாற்றி அவர் குறைத்தால் எனக்கு 6, அவருக்கு 0. இருவருமே குறைக்காவிட்டால் ஆளுக்கு 2. இது மான் வேட்டை. ஏமாற்றுவதால் வரும் 6, சேர்ந்து பெறும் 8-ஐவிடக் குறைவு.

எதிராளி குறைப்பதற்கான வாய்ப்பு ப என்று வைத்துக்கொள்வோம். நான் குறைத்தால் எனக்கு எதிர்பார்க்கக்கூடியது 8ப. குறைக்காவிட்டால் 6ப-வும் 2(1 - ப)-வும் சேர்ந்து 4ப + 2. முதலாவது பெரிதாக இருக்க வேண்டுமானால் ப அரைக்கு மேல் இருக்க வேண்டும். அதாவது 50 சதவீதத்துக்கு மேல் நம்பினால்தான் நான் ஆயுதத்தைக் கீழே வைப்பேன். 1983-ல் யார் யாரை 50 சதவீதம் நம்பினார்கள்?

இப்போது வாசலில் ஆய்வாளரை உட்கார வையுங்கள். ஏமாற்று சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. நான் சுதாரித்துக்கொள்கிறேன், என் நஷ்டம் குறைகிறது; ஏமாந்தாலும் எனக்கு 0-க்குப் பதில் 1 கிடைக்கிறது என்போம். கணக்கு 7ப + 1 எதிர் 4ப + 2 என்று ஆகிறது. ப மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் போதும். மேலும் ஏமாற்றுபவருக்குக் கிடைப்பதும் குறைகிறதே? மாட்டிக்கொள்வதால் அவருடைய 6 இப்போது 3 ஆகிறது என்று வைத்தால், எனக்கும் ஏமாற்றுவதில் அவ்வளவுதான் கிடைக்கும். 7ப + 1 எதிர் ப + 2. ப ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால் போதும், அதாவது 17 சதவீதத்துக்குக் கிட்டத்தட்ட.

எதிராளியின் குணத்தில் எந்த மாற்றமும் இல்லை. நான் அவரை நம்பும் அளவும் அதேதான். தேவைப்படும் நம்பிக்கை மட்டும் 50-லிருந்து 17-க்கு இறங்கிவிட்டது. இந்த எண்கள் எந்த நாட்டையும் அளந்து எடுத்தவை அல்ல, எந்தப் பக்கம் நகர்கிறது என்று காட்ட மட்டும்தான். ஆனால் நகரும் திசை எண்களை மாற்றிப் போட்டாலும் மாறாது. போட்டுப் பாருங்கள்.

பதிவு 5 | மழைக்காகம்

டீச்சர் கணக்கைப் படித்ததும் எனக்கு 1972 உயிரியல் ஆயுத உடன்படிக்கைதான் ஞாபகத்துக்கு வந்தது. பகடையின் வாதத்துக்கு அதைவிடக் கொடுமையான சான்று இல்லை.

கிருமிகளை ஆயுதமாக்கக் கூடாது, வைத்திருப்பதை அழிக்க வேண்டும் என்று உலகமே கையெழுத்துப் போட்ட உடன்படிக்கை. 1975-ல் நடைமுறைக்கு வந்தது. சரிபார்க்க எந்த ஏற்பாடும் கிடையாது. ஆய்வாளர் இல்லை, தனி அமைப்பு இல்லை. யாராவது மீறினால் ஐ.நா. பாதுகாப்பு அவையில் புகார் கொடுக்கலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. மீறியது சோவியத் ஒன்றியமானால் அந்த அவையில் அதற்கே வீட்டோ.

நடந்தது என்ன? உடன்படிக்கையைப் பாதுகாத்து வைக்கும் மூன்று நாடுகளில் ஒன்றான சோவியத் ஒன்றியம், கையெழுத்துப் போட்ட பிறகுதான் தன் கிருமி ஆயுதத் திட்டத்தைப் பெரிதாக்கியது. பயோபிரெபராட் என்ற பெயரில், மருந்து ஆராய்ச்சி என்ற போர்வையில். 1979 ஏப்ரலில் ஸ்வெர்த்லோவ்ஸ்க் நகரத்து ராணுவக் கூடத்திலிருந்து ஆந்த்ராக்ஸ் கிருமி காற்றில் கசிந்தது. குறைந்தது 60 பேருக்கு மேல் செத்தார்கள். காற்று போன திசையில் வசித்த சாதாரண மக்கள். கெட்டுப்போன இறைச்சி சாப்பிட்டுச் செத்தார்கள் என்று அரசு பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தது. 1992-ல்தான் ரஷ்ய அதிபர் எல்த்சின், ராணுவம்தான் காரணம் என்று ஒப்புக்கொண்டார்.

அதே தலைமுறை அதிகாரிகள், அதே நாடு. வாசலில் ஆள் இருந்த ஏவுகணை ஒப்பந்தத்தில் எண்ணி எண்ணி அழித்தார்கள். ஆள் இல்லாத கிருமி உடன்படிக்கையில் பொய்யையே ஒரு துறையாக வளர்த்தார்கள். இதைவிடத் தெளிவான ஒப்பீடு சரித்திரத்தில் கிடைப்பது அரிது. சரிபார்ப்பு ஏற்பாடு ஒன்றைச் சேர்க்க 1990-களில் பேச்சு நடந்தது. 2001-ல் அமெரிக்கா அந்த வரைவை மறுத்துவிட்டது. அதனால் இன்றுவரை அந்த உடன்படிக்கைக்குக் கண் இல்லை. கொரோனா வந்து போன பிறகும் இல்லை. எனக்கு இது ஆறாத கோபம்.

பதிவு 6 | தெற்குவாசல்

மழைக்காகம் சொன்னது கனமான உதாரணம், மறுக்கவில்லை. ஆனால் கிருமி ஏவுகணை மாதிரி இல்லையே. தடுப்பூசி செய்யும் அதே தொட்டியில் ஆயுதமும் செய்யலாம். வாசலில் நூறு பேர் உட்கார்ந்தாலும் என்னத்தைப் பார்ப்பார்கள்? பார்க்க முடிந்த இடத்தில் ஆய்வு வைத்தார்கள், முடியாத இடத்தில் வைக்கவில்லை. அப்படியானால் ஒத்துழைப்பைத் தீர்மானித்தது பொருளின் தன்மைதானே?

பதிவு 7 | மழைக்காகம்

பொருளின் தன்மை பாதி. ரசாயன ஆயுதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சிமருந்து ஆலைக்கும் நச்சுவாயு ஆலைக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பதும் எளிதல்ல. ஆனாலும் 1997-ல் நடைமுறைக்கு வந்த ரசாயன ஆயுத உடன்படிக்கைக்கு ஹேக் நகரில் தனி அமைப்பு, நிரந்தர ஆய்வாளர்கள், சாதாரண ரசாயன ஆலைகளுக்குள்ளும் போகும் உரிமை எல்லாம் கொடுத்தார்கள். நாடுகள் கணக்கில் காட்டிய இருப்பு முழுவதும் அவர்கள் கண் முன்னால் அழிக்கப்பட்டது. அமெரிக்காவின் கடைசி இருப்பு 2023 ஜூலையில். காட்டாமல் ஒளித்தவர்கள் இருக்கலாம், இருந்தார்கள். சிரியா ஓர் உதாரணம். ஆனாலும் கடினமான பொருளுக்கும் கண் வைக்க முடிந்தது, மனம் இருந்ததால்.

பதிவு 8 | வல்லைவெளி

வணக்கம். நான் யாழ்ப்பாணத்து வடமராட்சிப் பக்கம். அணுகுண்டுக் கதையை வாசிக்க வாசிக்க எனக்கு எங்கள் கடல்தான் மனதில் வந்தது. பாக்கு நீரிணையில் நடப்பதும் இரண்டு நாட்டுப் பிரச்சினைதான். 1974-லும் 1976-லும் இரண்டு அரசுகளும் எல்லைக்கோடு போட்டுக்கொண்டன. தமிழகத்து இழுவைமடிப் படகுகள், நாங்கள் றோலர் என்போம், கோட்டைத் தாண்டி வந்து அடிக்கடலை வழித்துக்கொண்டு போகின்றன. எங்கள் ஆட்களின் வலைகள் அறுந்து போகின்றன. 2017-ல் இலங்கையில் இழுவைமடியையே சட்டத்தால் தடைசெய்தார்கள். பிடிக்கிறார்கள், படகைப் பறிக்கிறார்கள், கடலில் உயிர்களும் போயிருக்கின்றன. மீனவர்கள் இரு பக்கமும் உட்கார்ந்து பலமுறை கதைத்தும் பார்த்துவிட்டார்கள். ஒரே மொழி பேசும் ஆட்கள். ஏன் ஒரு முடிவும் நிலைக்கவில்லை? கண்காணிப்பு இல்லாததாலா? படகுகள் எல்லோர் கண்ணுக்கும் தெரியத்தானே வருகின்றன.

பதிவு 9 | பகடை

வணக்கம் வல்லைவெளி. உங்கள் கேள்வி இந்த இழையிலேயே கடினமானது என்று நினைக்கிறேன். நான் சொன்ன விதியை அது சோதித்துப் பார்க்கிறது: ஏமாற்று கண்ணுக்குத் தெரிகிறது, ஆனாலும் ஒத்துழைப்பு இல்லை.

என் பார்வையில் இரண்டு காரணங்கள். முதலாவது, இது சமமான ஆட்டம் இல்லை. அமெரிக்காவும் சோவியத்தும் ஒரே வகை ஆயுதத்தை ஒருவர் மேல் ஒருவர் குறிவைத்திருந்தன. நீ நிறுத்தினால் நானும் நிறுத்துவேன் என்று இருவராலும் சொல்ல முடிந்தது. உங்கள் பக்கத்து மீனவர்கள் போர்க்காலம் முழுவதும் கடலுக்கே போக முடியாமல் கிடந்தவர்கள். இன்றும் சின்னப் படகுகள்தான். அவர்களால் ராமேஸ்வரத்துக்கு வந்து பதிலுக்கு இழுக்க முடியாது. திருப்பிக் கொடுக்க அதே வகைக் கருவி இல்லாதபோது ஒருவர் இழப்பும் மற்றவர் லாபமும் ஒரே பக்கமாக ஓடுகின்றன. கைதிகளின் இக்கட்டும் அல்ல, மான் வேட்டையும் அல்ல. அரசு பதிலடி கொடுக்கிறது என்றால் அது கைதாகவும் பறிமுதலாகவும் வருகிறது. அதன் வலி படகுக் கூலியாளுக்குப் போகிறது; முடிவெடுக்கும் படகு முதலாளிக்குப் பாதிதான் போகிறது.

இரண்டாவது, பேச வருபவரால் தன் பக்கத்தைக் கட்டுப்படுத்த முடியவில்லை. மீனவர் சங்கத் தலைவர் மேசையில் ஒப்புக்கொண்டு ஊருக்குத் திரும்பினால், கடன் வாங்கி விசைப்படகு கட்டியவர் "எனக்கு மாற்று என்ன?" என்பார். அந்தக் கேள்வியில் நியாயமும் இருக்கிறது. ஆழ்கடல் மீன்பிடிக்கு மாற 2017-ல் ஒரு திட்டம் வந்தது. அந்த மாற்றம் எளிதில் நடக்கவில்லை. வாக்குக் கொடுப்பவருக்கு அதை நிறைவேற்றும் வலு இல்லையென்றால் எதிராளி அவரை நம்பாதது சரியான கணக்குத்தான்.

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் தமிழகக் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அரசு நிறுத்துகிறது, நிவாரணம் தருகிறது, படகுகள் கரையில் நிற்கின்றன. கட்டுப்படுத்தவும் முடியும், ஈடு கொடுக்கவும் முடியும் என்பதை அது காட்டவில்லையா? அந்த ஏற்பாட்டை எல்லைக்கோட்டோடு சேர்க்கும் அரசியல் மனம்தான் இல்லை.

பதிவு 10 | வல்லைவெளி

நன்றி பகடை. முதலாவது காரணத்தை இங்கே யாரும் இப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. எங்கள் சங்கத்து ஆட்களுக்கு அனுப்புகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: அந்த 61 நாட்களில் எங்கள் பக்கம் இழுவைமடிப் படகுகளின் தொல்லை இல்லாமல் வலை விரிக்கிறார்கள். அந்த நிம்மதி எப்படி இருக்கும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

பதிவு 11 | தெற்குவாசல்

பெரிய கேள்விக்குத் திரும்புகிறேன். வோட்கின்ஸ்க் ஒப்பந்தம் இன்று எங்கே? ரஷ்யா 9எம்729 என்ற ஏவுகணையால் ஒப்பந்தத்தை மீறியதாக 2014-ல் அமெரிக்கா வெளிப்படையாகக் குற்றம்சாட்டியது. ருமேனியாவில் நீங்கள் வைத்திருக்கும் ஏவுதளத்திலிருந்து தரைவழி ஏவுகணையையும் ஏவலாம், மீறியது நீங்கள்தான் என்றது ரஷ்யா. 2019 ஆகஸ்ட் 2-ல் அமெரிக்கா வெளியேறியது. கதை முடிந்தது. ஆய்வு வைத்தும் காப்பாற்ற முடியவில்லையே?

பதிவு 12 | பகடை

தெற்குவாசல், ஒரு தேதியைக் கவனியுங்கள். வாசல் ஆய்வுக்கு ஒப்பந்தம் கொடுத்த காலம் 13 ஆண்டுகள். 2001 மே 31-உடன் அது முடிந்தது, ஆய்வாளர்கள் மூட்டை கட்டினார்கள். அமெரிக்கா குறைசொல்லும் ஏவுகணையின் சோதனைகள் அதற்குப் பல ஆண்டுகள் பிந்தியவை. ஒப்பந்தம் காலவரம்பற்றது, அதன் கண் மட்டும் 13 ஆண்டு. ஆகவே ஆய்வு தோற்றது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

அதைவிட முக்கியமானது, ஆட்டமே மாறிவிட்டது. 1987-ல் ஆடியது இருவர். 2000-களில் சீனா நூற்றுக்கணக்கில் இதே வகை ஏவுகணைகளைச் செய்தது. அதை எந்த ஒப்பந்தமும் கட்டவில்லை. 2007-லேயே இந்த ஒப்பந்தம் எங்கள் நலனுக்குப் பொருந்தவில்லை என்று புதின் பேசத் தொடங்கினார், சுற்றியுள்ள நாடுகள் எல்லாம் வைத்திருக்க நாங்கள் மட்டும் ஏன் என்று. அமெரிக்காவிலும் சீனாவைக் காட்டி அதே பேச்சு. டீச்சர் எழுதிய அந்த 8 இரண்டு பேருக்குமே குறைந்துபோனது. சேர்ந்து பெறுவதன் மதிப்பு போய்விட்டால் எவ்வளவு நல்ல ஆய்வும் ஒப்பந்தத்தைத் தாங்காது.

நம் ஊர்ச் சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதமே சீட்டை எடுத்தவர் மீதித் தவணைகளை ஒழுங்காகக் கட்டுவது ஏன்? அடுத்த சீட்டிலும் அவருக்கு இடம் வேண்டும், அதே தெருவில்தான் வாழ வேண்டும். ஊரைக் காலி செய்யும் எண்ணம் வந்த அன்றுதான் தவணை நிற்கும். எதிர்காலத்தில் இந்த உறவு எவ்வளவு மதிப்புள்ளது என்பதுதான் இன்றைய நேர்மையைத் தாங்குகிறது. 1980 வாக்கில் ராபர்ட் ஆக்செல்ராட் என்ற அரசியல் அறிஞர், கைதிகளின் இக்கட்டைத் திரும்பத் திரும்ப ஆடும் நிரல்களை வைத்துக் கணினியில் நடத்திய போட்டியில் அனடோல் ராபோபோர்ட் அனுப்பிய மிகச் சின்ன நிரல் இரண்டு முறையும் முதலிடம் பிடித்தது: முதலில் ஒத்துழை, பிறகு எதிராளி போன முறை செய்ததையே செய். அது ஜெயித்ததற்கும் இதுதான் அடிப்படை. ஒரே ஆட்டக்காரரை மறுபடி மறுபடி சந்திக்க வேண்டியிருந்தது.

பதிவு 13 | கணக்கு டீச்சர்

அந்த நிரலில் ஒரு பலவீனம் உண்டு, நாடுகள் விஷயத்தில் அது உயிரோடு விளையாடும். எதிராளி செய்ததை நாம் தவறாகப் படித்துவிட்டால்? ஒரே ஒரு முறை தவறாகப் படித்தாலும் நான் அடிக்க, அவர் திருப்பி அடிக்க, முடிவில்லாமல் போகும். எப்போதாவது ஒரு அடியைப் பொறுத்துக்கொள்ளும் நிரல்தான் அப்படிப்பட்ட சூழலில் தாக்குப்பிடிக்கும். பகடை முதல் பதிவில் சொன்ன 1983 முழுக்கத் தவறாகப் படித்த ஆண்டுதான். பெட்ரோவ் அன்று விதிப்புத்தகத்தின்படி நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நான் வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் அப்படியே உறைந்துவிடுவார்கள்.

அதனால் சந்தேகத்தைப் பகிரங்கமாக்கும் முன் தனியாகக் கேட்டுத் தீர்த்துக்கொள்ளும் இடம் தேவை. 1972 ஏவுகணைத் தடுப்பு ஒப்பந்தத்தோடு அப்படி ஒரு நிலைக்குழு அமைத்தார்கள். அதே 1972-ல் இரு கடற்படைகளும் கடலில் உரசிக்கொள்ளாமல் இருக்க ஒப்பந்தம் போட்டு, ஆண்டுதோறும் கடற்படை அதிகாரிகளே உட்கார்ந்து அந்த ஆண்டின் சம்பவங்களைப் பேசினார்கள். செய்தியாளர் கூட்டம் இல்லை, அரசியல் பேச்சு இல்லை. வோட்கின்ஸ்கிலேயே 1990-ல் ஏவுகணைப் பெட்டிக்குள் பார்க்கும் எக்ஸ்ரே கருவி பற்றிப் பெரிய தகராறு வந்தது. கருவிக்குள் விடாமல் சில ஏவுகணைகளை சோவியத் தரப்பு வெளியே கொண்டுபோனது. அதையும் பேசித் தீர்த்தார்கள், ஒப்பந்தம் முறியவில்லை.

கிராஸ்னோயார்ஸ்க் ராடார் இன்னொரு மாதிரி. அந்த 1972 ஏவுகணைத் தடுப்பு ஒப்பந்தப்படி, ஏவுகணை வருவதை எச்சரிக்கும் ராடார் நாட்டின் விளிம்பில் வெளிப்பக்கம் பார்த்துத்தான் இருக்க வேண்டும். சைபீரியாவுக்குள் கட்டியதை 1983-ல் அமெரிக்கச் செயற்கைக்கோள் பார்த்துவிட்டது. ஆறு ஆண்டு மறுத்துவிட்டு 1989-ல் வெளியுறவு அமைச்சர் ஷெவர்ட்நாட்சே நாடாளுமன்றத்திலேயே அது மீறல்தான் என்று ஒப்புக்கொண்டார். பிறகு இடித்தார்கள். ஒரு மீறலுக்காக ஒப்பந்தத்தையே தூக்கி எறியாமல் அமெரிக்கா அழுத்திக்கொண்டே காத்திருந்தது. அந்தப் பொறுமையும் ஓர் உத்திதான்.

பதிவு 14 | மழைக்காகம்

பகடைக்கு ஒரு கேள்வி. 1991 செப்டம்பர் 27-ல் அமெரிக்க அதிபர் முதலாவது புஷ், தரையில் இருந்த குறுந்தூர அணு ஆயுதங்கள் எல்லாவற்றையும் திரும்பப் பெறுவதாகத் தனியாக அறிவித்தார். அக்டோபர் 5-ல் கோர்பச்சேவ் அதே மாதிரி அறிவித்தார். ஒப்பந்தம் இல்லை, ஆய்வு இல்லை, கையெழுத்து இல்லை. ஆயிரக்கணக்கான ஆயுதங்கள் நகர்ந்தன. உங்கள் விதிப்படி இது நடந்திருக்கவே கூடாதே?

பதிவு 15 | பகடை

அருமையான கேள்வி. ஆகஸ்டில் மாஸ்கோவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்திருந்தது, சோவியத் உடையப்போவது தெரிந்துவிட்டது. அந்த ஆயுதங்கள் புதிதாகப் பிறக்கும் நாடுகளில் சிதறிக் கிடப்பது மாஸ்கோவுக்கே பெரிய பயம். எதிராளி ஏமாற்றினாலும் எனக்கு இதைச் செய்வதுதான் லாபம் என்கிற அபூர்வத் தருணம் அது. அப்படிப்பட்ட நேரத்தில் டீச்சரின் ப பூஜ்யமாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் ஆய்வு இல்லாததன் விலையைப் பிறகு கொடுத்தார்கள். ரஷ்யாவிடம் எத்தனை குறுந்தூர அணு ஆயுதம் மிச்சம் என்ற எண்ணிக்கை வெளியில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. 2022-க்குப் பிறகு உக்ரைன் போரில் அந்த ஆயுதங்களைக் காட்டி மிரட்டல் வரும்போதெல்லாம் ஐரோப்பா தடுமாறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பதிவு 16 | தெற்குவாசல்

சரி, கடைசியாக ஒன்று. நீண்டதூர அணு ஆயுதங்களுக்கு அமெரிக்காவும் ரஷ்யாவும் போட்ட 2010 ஒப்பந்தம் இருந்ததே, ஆளுக்கு 1550 முனைகள் என்று. அதன் ஆய்வுகள் 2020-ல் கொரோனாவுக்காக நின்றன, பிறகு தொடங்கவே இல்லை. 2023 பிப்ரவரியில் ரஷ்யா ஒப்பந்தத்தையே நிறுத்திவைத்தது. அதன் காலமும் 2026 பிப்ரவரி 5 வரைதான். செயற்கைக்கோள் இருக்கிறதே, ஆள் போய்ப் பார்க்காவிட்டால் என்ன பெரிய நஷ்டம்?

பதிவு 17 | பகடை

செயற்கைக்கோள் ஏவுகணைக் குழிகளையும் நீர்மூழ்கிகளையும் குண்டுவிமானங்களையும் எண்ணிவிடும். ஒரு ஏவுகணையின் மூக்குக்குள் ஒரு முனை இருக்கிறதா, ஆறு இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. 2010 ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 18 ஆய்வுகள். அவற்றில் ஒரு பகுதியில் ஆய்வாளர் தான் தேர்ந்தெடுத்த ஏவுகணையின் மூடியைத் திறந்து, துணி போர்த்திய உருவங்களை எண்ணிப் பார்த்தார். அதோடு தளவாடம் எதை எங்கே நகர்த்தினாலும் எதிராளிக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டியிருந்தது. பத்தாண்டுகளில் இருபதாயிரத்துக்கும் மேல் அப்படிப் போயிருக்கின்றன. அவை நின்றுவிட்டதால் இனி இரு ராணுவங்களும் எதிராளியிடம் இருக்கக்கூடிய அதிகபட்ச எண்ணிக்கையை வைத்துத் திட்டம் போடும். ஏற்கெனவே இருக்கும் ஏவுகணைகளில் கூடுதல் முனைகளைப் பொருத்த இரண்டு நாடுகளாலும் முடியும், புதிதாக ஒரு ஏவுகணைகூடச் செய்யாமல். அதை மேலிருந்து யாரும் பார்க்க முடியாது.